ஈசோ கிரிஃபோ ஏ3/சி: கார்வெட் எஞ்சினுக்கு இத்தாலியப் பாடி மாட்டியது மட்டும்தானா?

வாசகர் கேள்வி — 8 ஜனவரி 2023

1960களின் ஜிடி ரேஸ் கார்கள், அதாவது சாலை வண்டி வடிவில் ஓடும் பந்தய வண்டிகள் என்று பேச்சு வந்தாலே இந்த ஏ3/சி-யை ஒரு மேதையின் படைப்பு என்று எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய, ஷெவர்லேயின் கார்வெட் வண்டியில் வரும் வி8 எஞ்சினை வாங்கினார்கள், மேலே அழகான பாடியைப் போட்டார்கள், அவ்வளவுதான். பிரான்ஸில் 24 மணி நேரம் ஓடும் லெ மான்ஸ் பந்தயத்தில் 1964இல் 14ஆவது இடம், 1965இல் 9ஆவது இடம். வகுப்பில் முதலிடம் என்கிறார்கள், அதுவும் மற்றவர்கள் வண்டி உடைந்து நின்றதால் வந்தது. அப்புறம் ஆளையே காணோம். இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

8 ஜனவரி 2023, இரவு

எஞ்சின் வாங்கியதுதான், யாரும் மறுக்கவில்லை. அதை வண்டியில் எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள் தம்பி. பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும்.

இந்த வண்டியை உருவாக்கிய ஜோட்டோ பிட்ஸாரினி இத்தாலியின் லிவோர்னோ பக்கத்துக்காரர். பீசாவில் பொறியியல் படித்து, ஆல்ஃபா ரோமியோவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1957இல் ஃபெராரிக்குப் போனார். அங்கே சோதனைப் பிரிவு அவர் கையில். படம் வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவர் அல்ல. வண்டியில் தானே ஏறி, அடித்து ஓட்டி, எது சரியில்லை என்று தெரிந்துகொண்டு வந்து மாற்றுகிறவர். ஃபெராரியின் பந்தய வண்டி 250 ஜிடிஓ அவரிடம்தான் உருவாகத் தொடங்கியது. பழைய 250 ஜிடியில் எஞ்சின் உயரமாகவும் முன்னே தள்ளியும் இருந்தது. டிரை சம்ப் போட்டு எண்ணெய்த் தொட்டியைத் தனியே பிரித்ததும் எஞ்சினைக் கீழே இறக்க முடிந்தது, பின்னே நகர்த்தவும் முடிந்தது. மூக்கு தாழ்ந்தது, காற்றைக் கிழிப்பது எளிதானது.

1961 கடைசியில் ஃபெராரியில் பெரிய சண்டை. தலைமைப் பொறியாளர் கார்லோ கீட்டி, மேலாளர் ரொமோலோ தவோனி இவர்களோடு பிட்ஸாரினியும் வெளியே வந்துவிட்டார். ஜிடிஓ வேலை பாதியில் நின்றது. 26 வயதுப் பையன் மௌரோ ஃபோர்கியெரிதான் அதை முடித்தார்.

வெளியே வந்தவருக்கு வேலை கொடுத்தவர் ரென்ஸோ ரிவோல்தா. குளிர்சாதனப் பெட்டி, ஸ்கூட்டர், அப்புறம் பிஎம்டபிள்யூவே பிறகு ஈசோவிடம் உரிமம் வாங்கிச் செய்த அந்த முட்டை வடிவ இசெட்டா, இவையெல்லாம் அவருடைய ஈசோ நிறுவனத்தின் சரக்கு. 1962இல் ஈசோ ரிவோல்தா ஐஆர் 300 என்ற நான்கு பேர் உட்காரும் சொகுசு வண்டி வந்தது. ஷெவர்லே எஞ்சின், பெர்த்தோனே என்ற பாடி வடிவமைப்பு நிறுவனத்தில் இருந்த இளைஞர் ஜியுஜாரோவின் வடிவம், சேசிஸ் வேலை பிட்ஸாரினி. அந்தச் சேசிஸின் வீல்பேஸ், அதாவது முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே உள்ள தூரம், 2,700 மில்லிமீட்டர். அதை 2,450 ஆகக் குறைத்து, எஞ்சினை முன்சக்கர அச்சுக்கு முழுக்கப் பின்னால் தள்ளி வைத்ததுதான் ஏ3/சி. ஜிடிஓ-வில் பாதி தூரம் போன யோசனையை இங்கே கடைசிவரை கொண்டுபோனார். நான் சொல்ல வருவது இதுதான். எஞ்சின் யாருடையது என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

9 ஜனவரி 2023

ஏன் பின்னே தள்ள வேண்டும் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார். காவடித் தண்டின் இரண்டு முனையிலும் குடத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், உடம்பு திரும்பினாலும் குடம் திரும்பாது. திரும்பிய பிறகு நிற்கவும் நிற்காது. அதே இரண்டு குடத்தையும் இடுப்போடு அணைத்துக்கொண்டு திரும்பினால் எடை அதேதான், வேலை பாதி. வண்டியிலும் அப்படியே. கனமான இரும்பு எஞ்சின் நடுப்பக்கம் வந்துவிட்டால் வளைவில் மூக்கு வெளியே ஓடாது. இது முன்பக்க எஞ்சின் வண்டிதான், ஆனால் எடை நடுவில் எஞ்சின் வைத்த வண்டிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

14 ஜனவரி 2023

பொங்கலுக்கு ஊருக்கு வந்த இடத்தில் நேரம் கிடைத்தது, ஒரு விஷயத்தைச் சேர்த்துவிடுகிறேன்.

ஷெவர்லேயின் இந்தச் சின்ன வி8-இல், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்கோடியில் இருக்கும். எஞ்சினையே பின்னே தள்ளிவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே போகும்? டாஷ்போர்டுக்கு அடியில் போய்விட்டது. பானெட்டைத் திறந்தால் கை எட்டாது. அதனால் டாஷ்போர்டின் மேலே கழற்றக்கூடிய ஒரு மூடி வைத்தார்கள். இருக்கையில் உட்கார்ந்தபடி மூடியைக் கழற்றி பாயிண்ட் செட் பண்ணலாம்.

அம்பாசடர் வைத்திருந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எங்கள் வீட்டு வண்டியில் மழைக்காலத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போய் வண்டி நின்றுவிடும். அப்பா துணியால் துடைத்து, பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டுவார். நான் டார்ச் பிடிப்பேன். அந்த வேலையை வண்டிக்குள் உட்கார்ந்து செய்ய வழி பண்ணிய ஒருவர் மீது எனக்கு அப்போதே மரியாதை வந்திருக்கும். ஆனால் பிட்ஸாரினி அதை வசதிக்காகச் செய்யவில்லை. எஞ்சினை அந்த இடத்தில்தான் வைப்பேன் என்று முடிவு செய்தார், மற்றதெல்லாம் அதற்கேற்ப நகர வேண்டியதாயிற்று. அதற்கான விலையை ஓட்டுநர் கொடுத்தார். எஞ்சின் சூடு முழுக்க உள்ளே வரும்.

15 ஜனவரி 2023

மதுரை அண்ணன் எழுதியது: "சூடு என்று ஒரே வரியில் போய்விட்டீர்கள். 24 மணி நேர ஓட்டத்தில் அது சின்ன விஷயமா?"

சின்ன விஷயம் இல்லை அண்ணே. இரும்பு எஞ்சின் முழங்காலுக்கு அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருக்கிறது. கியர்பெட்டி இரண்டு இருக்கைக்கும் நடுவில். கால் வைக்கிற இடமோ குறுகல். ஓட்டுநர் களைத்தால் பிரேக் போடும் இடம் தள்ளிப்போகும், கியர் தப்பாக விழும். லெ மான்ஸில் ஒரு வண்டிக்கு இரண்டே ஓட்டுநர்கள் இருந்த காலம் அது. அப்படியிருந்தும் 1964, 1965 இரண்டு வருடமும் ஒரு வண்டி கடைசிவரை ஓடி முடித்திருக்கிறது. ஓட்டியவர்களின் உடம்பு உறுதியை இந்த இழையில் யாரும் இன்னும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

22 ஜனவரி 2023

ரிவெட் பற்றி.

முதல் ஏ3/சி வண்டிகளின் பாடி மொடேனாவில் பியெரோ த்ரோகோவின் பட்டறையில் செய்தது. அலுமினியத் தகடுகள், இணைப்பெல்லாம் ரிவெட். ரிவெட் தலைகள் வெளியே வரிசையாகத் தெரியும், மறைக்கவே முயலவில்லை. வெளிநாட்டு ரசிகர்கள் அதை விமானம் மாதிரி இருக்கிறது என்று வியப்பார்கள்.

நான் வேலை பழகியது கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில். அடியில் இரும்புச் சட்டம், மேலே அலுமினியத் தகடு, நடுவில் ரிவெட். அதனால் த்ரோகோ ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இரும்பையும் அலுமினியத்தையும் சேர்த்து வெல்டு வைக்க முடியாது. அலுமினியத்தோடு அலுமினியத்தை வெல்டு வைக்கலாம், ஆனால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். நெளிந்ததைத் தட்டி நிமிர்த்த நல்ல கை வேண்டும், நாள் வேண்டும். ரிவெட் என்றால் ஓட்டை போடு, மாட்டு, அடுத்தது. பந்தயத்துக்குத் தேதி குறித்துவிட்டால் இதைவிட வேகமான வழி கிடையாது. மோதி நசுங்கினாலும் அந்த ஒரு தகட்டை மட்டும் துளைத்து எடுத்துவிட்டுப் புதிதாக மாட்டிவிடலாம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. வண்டி முறுக்கிக்கொள்ளும் இடத்தில் ரிவெட் தளரும், ஓட்டை நீள்வட்டமாகும். பஸ்ஸில் கதவுக்கு மேலே பார்த்தால் தெரியும். இரண்டாவது, இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டு நடுவில் ஈரம் போனால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அதற்குத்தான் நடுவில் பெயிண்ட் பூசுவோம், சிலர் ரப்பர் பட்டை வைப்பார்கள். இன்று மிச்சமிருக்கும் ஏ3/சி-களைப் புதுப்பிக்கிறவர்கள் அந்த இணைப்புகளைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று தைரியமாகச் சொல்வேன்.

23 ஜனவரி 2023

எல்லா ஏ3/சி-யிலும் ரிவெட் தெரியுமா என்று கேட்கிறார்கள். இல்லை, பின்னாளில் வந்த வண்டிகளில் தெரியாது. தொடக்க வண்டிகளில் மட்டும்தான். பிறகு வந்தவற்றில் பாடி வழுவழுப்பாக இருக்கும்.

5 பிப்ரவரி 2023

இந்த இழையைத் தொடங்கிய தம்பி மறுபடி வந்திருக்கிறார்: "எல்லாம் சரி, வகுப்பு வெற்றியைப் பற்றி வாயே திறக்கவில்லையே?"

திறக்கிறேன். 1965 லெ மான்ஸ். கார் எண் 3. ஓட்டியவர்கள் ரெஜிஸ் ஃப்ரெசினே, ழான் த மார்தமார். மொத்தத்தில் 9ஆவது. 5 லிட்டருக்கு மேற்பட்ட புரோட்டோடைப் (ஜிடி என்ற ஒப்புதல் இல்லாத பந்தய வண்டி) வகுப்பில் முதலிடம்.

அந்த வகுப்பில் எதிரே நின்றவை ஃபோர்டின் இரண்டு 7 லிட்டர் வண்டிகள். ஒன்றில் புரூஸ் மெக்லாரனும் கென் மைல்ஸும், மற்றொன்றில் ஃபில் ஹில்லும் கிறிஸ் ஆமனும். வேகத்தில் ஈசோ அவற்றின் கிட்டே போக முடியாது. இரண்டும் ஓட்டத்தை முடிக்கவில்லை. ஆக நீங்கள் சொன்னது நடந்ததுதான், மற்றவர்கள் நின்றார்கள், இவர்கள் வந்தார்கள்.

ஆனால் லெ மான்ஸ் என்றால் அதுதானே ஐயா! 24 மணி நேரம் முடிந்து கொடி விழும்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அங்கே தேர்வு. அந்த வருடம் மொத்தப் பந்தயத்தையும் வென்றதே ஃபெராரி நிறுவனத்தின் சொந்த அணி அல்ல. அமெரிக்காவில் இருந்து வந்த தனியார் அணியின் ஃபெராரி 250 எல்எம், ஓட்டியவர்கள் மாஸ்டன் கிரெகரியும் யோகன் ரிண்ட்டும். பெரிய வண்டிகள் ஒவ்வொன்றாக விழுந்த பிறகு முன்னே வந்த வண்டி அது. அந்த வெற்றியை யாரும் ஓசியில் வந்தது என்று சொல்வதில்லை. ஈசோவுக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

ஈசோவுக்கு நேர் முன்னால் 8ஆவதாக வந்தது கோப்ரா டேடோனா. ஃபோர்டு எஞ்சினும் கரோல் ஷெல்பியின் பட்டாளமும் பின்னால் இருந்த வண்டி. பிட்ஸாரினிக்குப் பின்னால் இருந்தது லிவோர்னோவில் ஒரு பட்டறை.

6 பிப்ரவரி 2023

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் பேசியது போல இருக்கிறது. 1965 மார்ச்சில் அமெரிக்காவில் செப்ரிங் 12 மணி நேர ஓட்டமும் நடந்தது, அதையும் வைக்க வேண்டும். பேய் மழை பெய்த ஓட்டம். தடம் ஆறாக ஓடியது. ஜிம் ஹாலின் சாப்பரல் வென்றது. கிரிஃபோக்கள் கடைசிவரை வரவில்லை. உறுதியான வண்டி, எங்கே விட்டாலும் ஓடி முடிக்கும் என்று யாராவது எழுதினால் அதை நான் ஏற்கமாட்டேன்.

1964 லெ மான்ஸிலும் பியர் நோப்ளே, எட்கார் பெர்னே இருவரும் பிரேக் தொல்லையால் பிட்டில் நெடுநேரம் நின்ற பிறகுதான் 14ஆவதாக வந்தார்கள். பின்சக்கர பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, உள்ளே டிஃப்ரன்ஷியலை, அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியை (நம் பட்டறை பாஷையில் கிரவுன்) ஒட்டி இருந்தன. சக்கரத்தோடு ஆடும் எடை குறையும் என்பது லாபம். கிரவுன் சூடும் டிஸ்க் சூடும் ஒரே இடத்தில் சேரும், பேடு மாற்ற வண்டிக்கு அடியில் போக வேண்டும் என்பது நட்டம். சாலை வண்டிக்கு லாபம் பெரிது. இரவெல்லாம் ஓடும் பந்தயத்துக்கு நட்டம் பெரிது என்றே எனக்குத் தோன்றுகிறது.

19 பிப்ரவரி 2023

ஏ3/சி-யின் பின்பக்கம் இருக்கும் டி டியோன் அச்சு என்றால் என்ன என்று கேட்டவருக்கு: லாரியின் பின்அச்சில் கிரவுன், அச்சுக்குழல், சக்கரம் எல்லாம் ஒரே கட்டையாக மேலும் கீழும் ஆடும். இதில் கிரவுனைச் சேசிஸில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள், அது ஆடாது. இரண்டு சக்கரத்தையும் வெறும் குழாய் ஒன்று இணைக்கும். பள்ளத்தில் இறங்கும்போது ஆடுகிற எடை குறைவு, அதே சமயம் இரண்டு சக்கரமும் சாலைக்கு நேராகவே நிற்கும். பிரேக்கை உள்ளே வைத்ததும் இதே கணக்கில்தான்.

11 மார்ச் 2023

இந்த வண்டி ஜிடி-யா, புரோட்டோடைப்பா? மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

உருவத்தில், நோக்கத்தில் ஜிடி. ஏட்டில் புரோட்டோடைப். அன்றைய விதிப்படி 12 மாதத்தில் 100 வண்டி கட்டினால்தான் ஜிடி என்று ஒப்புதல் கிடைக்கும். ஃபெராரி ஜிடிஓ-வும் 100 கட்டவில்லை. பழைய 250 ஜிடி-யின் மாற்றுவடிவம் என்று சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டார்கள். பெரிய இடம், பழைய மாடல் கையில் இருந்தது, நடந்தது. அதே ஃபெராரி 1964இல் 250 எல்எம்-ஐ அப்படிக் கொண்டுபோனபோது மறுத்துவிட்டார்கள். ஏ3/சி-க்குச் சொல்லிக்கொள்ள ஒரு பழைய மாடலும் இல்லை, 100 கட்டப் பணமும் இல்லை.

அதனால் 7 லிட்டர் ஃபோர்டோடும், நடுவில் எஞ்சின் வைத்த ஃபெராரியோடும் ஒரே புரோட்டோடைப் பிரிவில் நிற்க வேண்டியதாயிற்று. ஜிடி வகுப்பில் கோப்ராவோடும் ஜிடிஓ-வோடும் மோதவிட்டிருந்தால் கதை வேறு என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

12 மார்ச் 2023

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இரவு படுத்த பிறகு தோன்றியது. 100 வண்டி விதி இல்லாமல் போயிருந்தாலும் காலம் இவருக்கு எதிராகவே ஓடிக்கொண்டிருந்தது. 1963இலேயே லெ மான்ஸை நடுவில் எஞ்சின் வைத்த ஃபெராரி 250 பி வென்றுவிட்டது. முன்பக்க எஞ்சின் வண்டி மொத்தப் பந்தயத்தையும் வென்றது 1962இல், அதுவே கடைசி. பிட்ஸாரினி முன்பக்க எஞ்சினை வைத்துச் செய்யக்கூடியதையெல்லாம் செய்து முடித்த நேரத்தில் மற்றவர்கள் வேறு பாதையில் இரண்டு வருடம் முன்னே போய்விட்டார்கள். அவருக்கும் தெரிந்திருந்தது. 1966 லெ மான்ஸுக்கு அவரே எஞ்சினை நடுவில் வைத்து பி538 என்று ஒன்று கட்டினார். அது சீக்கிரமே நின்றுவிட்டது.

26 மார்ச் 2023

வண்டியின் பெயர் குழப்பம். ஈசோ கிரிஃபோ, பிட்ஸாரினி 5300 ஜிடி, ஸ்த்ராதா, கோர்ஸா, எல்லாம் ஒன்றா வேறா என்று கேட்கிறார்கள்.

1963 டுரின் கண்காட்சியில் இரண்டு கிரிஃபோக்கள் வந்தன. ஏ3/எல் சொகுசு வண்டி, ஏ3/சி பந்தய வண்டி. ரிவோல்தாவுக்கு முதலாவதுதான் பிடித்தது. பந்தயத்தில் பணம் கரைவதைப் பார்த்த ஒரு தொழிலதிபரின் நியாயமான கவலை அது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிட்ஸாரினிக்கோ பந்தயம்தான் எல்லாம். 1965இல் பிரிந்தார்கள். கிரிஃபோ என்ற பெயரின் உரிமை பிட்ஸாரினியிடம் இருந்தது. அதை ரிவோல்தாவிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வண்டி கட்ட உதிரி பாகங்களை வாங்கிக்கொண்டார். பெயரைக் கொடுத்து பாகம் வாங்கிய ஆள்! அதற்குப் பிறகு அதே வண்டி பிட்ஸாரினி 5300 ஜிடி ஆனது. சாலைக்கு ஸ்த்ராதா, பந்தயத்துக்கு கோர்ஸா. எல்லாம் சேர்த்து நூற்றுச் சொச்சம் கட்டியிருப்பார்கள். ஈசோ தன் சொகுசு கிரிஃபோவை 1974 வரை விற்றது, அது நானூற்றுச் சொச்சம்.

ரென்ஸோ ரிவோல்தா 1966இல் இறந்துவிட்டார். பிட்ஸாரினி நிறுவனம் 1960களின் முடிவைத் தாண்டவில்லை.

அந்த 1963 டுரின் கண்காட்சி பற்றி இன்னொன்று. அதே அரங்கில் லம்போர்கினியின் முதல் வண்டி 350 ஜிடிவி-யும் நின்றது. அதன் வி12 எஞ்சினும் பிட்ஸாரினி வரைந்தது. அந்த வி12-இன் வழிவந்த எஞ்சின்கள் லம்போர்கினியில் அதன்பின் பல பத்தாண்டுகள் ஓடின. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நிறுவனங்களின் முதல் பெருமை ஒரே ஆளின் கையிலிருந்து வந்தது, அவரிடமோ சொந்தமாக ஒரு தொழிற்சாலை இல்லை.

2 ஏப்ரல் 2023

ரொட்டி வண்டி கதையைச் சொல்லச் சொல்லி மதுரை அண்ணன் விடாமல் கேட்கிறார். சுருக்கமாக. கவுண்ட் ஜியோவான்னி வோல்பி என்ற பணக்கார இளைஞர், ஃபெராரியை விட்டு வந்தவர்களுக்கு ஆதரவு கொடுத்தார். அதனால் ஃபெராரி அவருக்கு ஜிடிஓ விற்க மறுத்தது. அவர் தன்னிடமிருந்த பழைய 250 ஜிடி-யை பிட்ஸாரினியிடம் கொடுத்தார். எஞ்சினைக் கீழே இறக்கி, பின்னே தள்ளி, கூரையை வால்வரை நேராக இழுத்து, பின்பக்கத்தைச் சட்டென்று வெட்டிவிட்டார்கள். பாடி வேலை அதே த்ரோகோ. பின்னாலிருந்து பார்த்தால் ரொட்டி விற்கிற வேன்தான். 1962 லெ மான்ஸில் அது அசல் ஜிடிஓக்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, நான்காவது மணியில் டிரைவ் ஷாஃப்ட் போய் நின்றது. ஏ3/சி-க்கு ஒத்திகை அதுதான் என்பேன்.

3 ஏப்ரல் 2023

ரொட்டி வண்டி அழகாக இல்லையே என்கிறார்கள். ஆமாம், அழகாக இருக்காது. அதனால் என்ன!

16 ஏப்ரல் 2023

இந்த இழையைத் தொடங்கிய தம்பிக்கு ஒரு கேள்வி. முன்பக்க எஞ்சின் பந்தய வண்டி 1965ஓடு செத்துவிட்டது என்று நீங்கள் நேற்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பனோஸ் என்ன?

1997. அமெரிக்காவில் மருந்துத் தொழிலில் பணம் சம்பாதித்த டான் பனோஸ், போர்ஷேவும் மெர்சிடிஸும் எஞ்சினை நடுவில் வைத்துக் கோடி கோடியாகக் கொட்டிக்கொண்டிருந்த ஜிடி1 வகுப்புக்கு, முன்பக்க எஞ்சின் வண்டியோடுதான் வருவேன் என்று நின்றார். எஸ்பெரான்டே ஜிடிஆர்-1. இங்கிலாந்தின் ரெய்னார்ட் கட்டியது, நைஜல் ஸ்ட்ரவுட் வடிவமைத்தது. எஞ்சின் 6 லிட்டர் ஃபோர்டு வி8, அதுவும் முன்சக்கரத்துக்குப் பின்னால் தள்ளித் தள்ளி ஓட்டுநரின் மடிக்கே வந்துவிட்டது. முதல் வருடம் லெ மான்ஸுக்கு மூன்று வண்டி போய் மூன்றும் நின்றன. 1998இல் டேவிட் பிராபம், ஆண்டி வாலஸ், ஜேமி டேவிஸ் 7ஆவதாக வந்தார்கள். அந்த வருடம் மேலே இருந்த ஆறும் போர்ஷே, நிஸ்ஸான், மெக்லாரன். 1999இல் ஜிடி1 வகுப்பே போய்விட்டதால் வண்டியும் போனது. அதன் யோசனை திறந்த கூரை வண்டியில் தொடர்ந்து, அமெரிக்காவில் நடக்கும் பெட்டி லெ மான்ஸ் ஓட்டத்தை வென்றது.

சின்ன நிறுவனம், வாங்கிய அமெரிக்க எஞ்சின், பின்னே தள்ளிய முன்பக்க அமைப்பு, இரண்டு வருட ஆயுள். பிட்ஸாரினியைப் பார்த்து அவர்கள் செய்தார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே கணக்கைப் போட்டு ஒரே விடைக்கு வந்தார்கள். பனோஸிடம் பணம் இருந்தது என்பது ஒன்றுதான் பெரிய வித்தியாசம்.

15 மே 2023

ஜோட்டோ பிட்ஸாரினி 13ஆம் தேதி காலமானார். வயது 97.

வேலை நிமித்தமாக இத்தாலியில் கொஞ்ச காலம் இருந்தபோது மொடேனா பக்கம் ஒரு பழைய கார்க் கூட்டத்தில் 5300 ஸ்த்ராதா ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடுப்பு உயரம்கூட இருக்கும் என்று சொல்ல முடியாது. உரிமையாளர் வயதானவர், பானெட்டைத் தூக்கிக் காட்டினார். முன்னால் ரேடியேட்டர், அதற்குப் பின்னால் வெற்றிடம், எங்கேயோ உள்ளே எஞ்சின். வெபர் கார்புரேட்டர்கள் நான்கும் வரிசையாக. அவர் ஸ்டார்ட் செய்தார். கார்வெட் எஞ்சின் என்றால் அமெரிக்க வண்டிகளில் கேட்கிற அந்தச் சோம்பல் குரல் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது கூர்மையான, பொறுமையில்லாத சத்தம். நாங்கள் இருவரும் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாமல் வெகு நேரம் பேசினோம். அவர் கையாலேயே காட்டினார், எஞ்சினை இரண்டு கையாலும் பிடித்துத் தன் வயிற்றுப் பக்கம் இழுப்பது போல. எனக்கு முழுக்கப் புரிந்தது.

நிறுவனம் போன பிறகும் அவர் ஓயவில்லை. அமெரிக்கன் மோட்டார்ஸுக்கு ஏஎம்எக்ஸ்/3 வேலை செய்தார், கல்லூரியில் பாடம் நடத்தினார், வண்டி கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பி538 சேசிஸின் மேல்தான் ஜியுஜாரோ தன் சொந்த நிறுவனமான இடால்டிசைனின் முதல் காட்சி வண்டி மான்டாவை 1968இல் வைத்தார்.

இன்று வேறு எதுவும் எழுத மனம் வரவில்லை.

4 ஜூன் 2023

புதிதாக 5300 ஜிடி கட்டுகிறார்கள் என்ற செய்தியை ஒருவர் போட்டு, "இது அசலா?" என்று கேட்டிருக்கிறார். 2020க்குப் பிறகு புத்துயிர் பெற்ற பிட்ஸாரினி நிறுவனம் 1965 லெ மான்ஸ் வண்டியின் அளவுகளை வைத்து 24 வண்டி கட்டுவதாக அறிவித்தது. பழைய வரைபடம், பழைய முறை என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அசல் வண்டிகளின் விலை ஏறி, அவை பூட்டிய கொட்டகைகளுக்குள் போய்விட்டன. ஓடுகிற ஒரு வண்டி தடத்தில் தெரிந்தால், அதைப் பார்த்து ஒரு பையனுக்கு ஆசை வந்தால் நல்லதுதானே. ஆனால் பந்தய வரலாறு என்று பேசும்போது இரண்டையும் கலக்கக்கூடாது. லெ மான்ஸில் இரவு முழுக்க ஓடியது அந்த வண்டி, இது அல்ல.

18 ஜூன் 2023

தம்பி கடைசியாக எழுதியது: "சரி அண்ணா, எஞ்சின் இருக்குமிடம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபெராரி மாதிரி சொந்த எஞ்சின் செய்யாதவரை முழு வண்டி செய்தவர் என்று சொல்லமாட்டேன்."

லம்போர்கினிக்கு வி12 வரைந்தவருக்கு எஞ்சின் செய்யத் தெரியாதா தம்பி? தெரிந்தும் வாங்கினார். 3 லிட்டர் ஃபெராரி வி12 சுமார் 300 குதிரைத்திறன் கொடுக்க ஆறு கார்புரேட்டரும் ஏழாயிரத்துக்கு மேல் சுற்றும் வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிரித்துக் கோக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். 5.3 லிட்டர் ஷெவர்லே அதைவிட அதிகமாகக் குறைந்த சுற்றிலேயே கொடுத்தது. புஷ் ராடு, இரும்பு பிளாக், உடைந்தால் இன்னொன்று கப்பலில் வரும். லிவோர்னோவில் கையளவு ஆட்களோடு பட்டறை நடத்துகிறவர் தன் பணத்தையும் நேரத்தையும் எங்கே செலவு செய்ய வேண்டும்? சேசிஸிலும் எடையிலும் காற்றிலும் செலவு செய்தார். எனக்கு அது முழுப் பொறியாளரின் முடிவாகவே படுகிறது.

25 ஜூன் 2023

ஐரோப்பாவில் பழைய கார்ப் பந்தயம் பார்க்கப் போகிறவர் எந்த வண்டி எது என்று எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருக்கிறார். ரிவெட் தலைகள் வெளியே வரிசையாகத் தெரிந்தால் த்ரோகோ காலத்துத் தொடக்க வண்டி, ஒரு மணி நேரம் ஆனாலும் அதன் பக்கத்திலேயே நில்லுங்கள். வழுவழுப்பான அலுமினியப் பாடி என்றால் பெரும்பாலும் 5300 ஸ்த்ராதா. 5300 அமெரிக்கா என்று ஒன்று உண்டு, அதன் பாடி ஃபைபர். அதில் பின்பக்க டி டியோன் குழாய் இருக்காது, இரண்டு சக்கரமும் தனித்தனியே ஆடும். குனிந்து அடியில் பார்த்தால் தெரியும்.